அண்ணன் உடைத்தவை

என் வயதுக்காரர்கள் நான்கு பேர் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துவிட்டால் போதும், பந்தி முடிவதற்குள் தழும்புகளைக் காட்ட ஆரம்பித்துவிடுகிறோம். இது புளியமரத்திலிருந்து விழுந்தது, இது கதிர் அறுக்கும்போது பட்டது, இது சைக்கிள் செயினில் மாட்டியது என்று. ஆணி ஏறினால் மண்ணெண்ணெய் விட்டோம், வெட்டுக்குக் காப்பித்தூள் வைத்து அழுத்தினோம், டாக்டரைப் பார்த்ததே கிடையாது, நமக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்கிறோம். பேரப்பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கின்றன. நானும் இடது பாதத்தில் இருக்கும் தார்த் தழும்பைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டவள்தான். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான், அந்தக் கதையில் பாதியைத்தான் சொன்னோம் என்று உறைக்கும். மீதிப் பாதியை உங்களிடம் சொல்லலாம். நீங்களும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்தானே.

அப்போது எனக்குப் பத்து வயது. அண்ணனுக்குப் பதின்மூன்று. பாலக்கோட்டுக்கு மேற்கே, ஊரை விட்டு விலகி, எங்கள் நிலத்திலேயே ஓட்டு வீடு. அப்பா, அம்மா, நாங்கள் இரண்டு பேர். அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. மாசி பிறப்பதற்குள் கிணற்றில், நான் அதுவரை பார்த்தே இராத அடிப்படிகள் பாசி காய்ந்து வெளியே தெரிந்தன. தக்காளி போட்டிருந்தோம். கிணற்று மேட்டில் தகரக் கொட்டகை, அதற்குள் ஆயில் என்ஜின். அந்த என்ஜின் ஓடினால் எங்கள் வீட்டில் சோறு இறங்கும். ஓடாவிட்டால் எல்லோரும் சுவர் ஓரமாக நடப்போம்.

அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. குடிக்கவும் மாட்டார். கோபம் வந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒட்டினாற்போல் வைப்பார். பிறகு துண்டை மடித்து ஆணியில் மாட்டுவார். அதைப் பார்த்ததும் அம்மா அடுப்பிலிருந்து எதை இறக்க முடியுமோ அதை இறக்கிவிடுவாள். அப்பா வீட்டுக்குள் ஒரு சுற்றுப் பார்ப்பார், கடையில் சாமான் பார்க்கிறவர் மாதிரி. பிறகு ஒன்றை எடுத்துத் தரையில் அடிப்பார். மண்பானை ஒரே அடியில் போய்விடும். அலுமினியப் போசி நசுங்கும், ஆனால் உடையாது, அதனால் அதைத் திரும்பத் திரும்ப அடிப்பார். பித்தளைச் செம்பு உருண்டு ஓடி எங்கேயாவது மூலையில் நின்று வெகுநேரம் ஆடும். அது ஆடி அடங்கும்வரை யாரும் மூச்சு விட மாட்டோம். அதற்குப் பிறகும் கோபம் மிச்சமிருந்தால் அம்மா பக்கம் திரும்புவார்.

அந்தக் கோடையில் மிச்சம் இருந்துகொண்டே இருந்தது.

அப்பா கொட்டகைப் பக்கம் போனதும் அண்ணன் வருவான். உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கி, பெரியதிலிருந்து சிறியதாகத் தரையில் அடுக்குவான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை. உடைந்ததைப் பார்த்தால் அது முன்பு எப்படி இருந்திருக்கும் என்று அவன் கைக்குத் தெரியும். சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி வைத்திருப்பான், அதுதான் அவனுக்குக் கயிறு. நசுங்கிய போசிக்குள் உருண்டைக் கல்லை வைத்து வெளியிலிருந்து மரக்கட்டையால் தட்டி நிமிர்த்துவான். சுவர்க் கண்ணாடி மூன்று துண்டாகப் போனபோது, மைதா மாவைக் காய்ச்சிப் பலகையில் ஒட்டிக் கொடுத்தான். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யார் முகம் பார்த்தாலும் நெற்றி ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் இருக்கும். அம்மா அதில் பார்த்துத்தான் பொட்டு வைப்பாள்.

தார்த் தழும்பு அந்த மாதிரி ஒரு நாள் வந்ததுதான். தண்ணீர்ச் சாலின், அந்தப் பெரிய மண்பானையின், கழுத்து விரிசல் விட்டிருந்தது. அப்பா உதைத்தது. சர்க்கரை ஆலைக்குப் போகும் ரோட்டில் அப்போது தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு கட்டித் தாரைக் கொண்டுவந்து பால் டப்பாவில் உருக்கினான். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். டப்பாவை இடுக்கியால் பிடித்து விரிசலில் ஊற்றும்போது நான் சாலைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். ஒரு சொட்டு தவறிப் பாதத்தில் விழுந்தது. கத்தக்கூடாது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம், அப்பா கொட்டகையில் இருந்தார். நான் சாலையும் விடவில்லை, வாயையும் திறக்கவில்லை. தார் ஆறியபின் அண்ணன் அதை உரித்தான். தோலோடு வந்தது. அம்மா தோசை மாவை அப்பிவிட்டு, "எதுக்குடி இதெல்லாம். ஒடஞ்சா ஒடஞ்சு போவுது" என்றாள். ஆனால் அந்தச் சாலில்தான் பிறகு ஒரு வருஷம் தண்ணீர் பிடித்தாள்.

ஒரு தடவை எங்கள் கைவேலை எங்களையே கொன்றிருக்கும். அப்பா எட்டி உதைத்த பெட்ரோமாக்ஸ் லைட்டுக்கு அண்ணன் பழைய செருப்புத் தோலில் வாஷர் வெட்டிப் போட்டான். பின்மதியம், மாட்டுக் கொட்டகை ஓரமாக வைத்துக் காற்றடித்தோம். தீக்குச்சி கிழித்ததும் மண்ணெண்ணெய் பீய்ச்சியடித்து நெருப்பு என் முகத்துக்கு நேராக எழுந்தது. அண்ணன் லைட்டை ஒரே உதையாக உதைத்தான். அது உருண்டு போய் வைக்கோலில் விழுந்தது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு என்னை மிதித்துத் தாண்டி ஓடியது. அம்மா சாணித் தண்ணீர் வாளியைத் தூக்கி ஊற்றினாள். எங்கள் இரண்டு பேருக்கும் புருவம் இல்லை. கருகிய மயிர் நாற்றம் தலைக்குக் குளித்தும் போகவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது. அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். அப்பா வந்ததும் அம்மாவைத்தான் அடித்தார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று.

பக்கத்துக் காட்டில், எங்கள் பக்கம் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம், ஒரு கன்னடக்காரக் குடும்பம். அந்த வீட்டு அம்மா மோர் கொடுக்க வருவார், அரளிப்பூ கேட்டு வருவார், சும்மாவும் வருவார். வாசலில் கால் வைத்ததுமே ஓடுகள் கண்ணில் படும். "ஏனாய்த்து?" என்பார். என்ன ஆச்சு என்று அவர்கள் பாஷையில் கேட்பது.

முதல் தடவை அம்மா என்ன சொல்வாள் என்று நானும் காத்திருந்தேன். அம்மா சீமாறை எடுத்துக்கொண்டே, "இந்தப் பையன்தாங்க்கா. கைய வெச்சுக்கினு சும்மா இருக்க மாட்டான்" என்றாள்.

அண்ணன் அப்போது கையில் பானை ஓட்டோடுதான் உட்கார்ந்திருந்தான். யார் பார்த்தாலும் நம்புவார்கள். பக்கத்துக் காட்டம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, "ஏம்ப்பா, அப்பாவுக்குத் தெரிஞ்சா வுடுவாரா?" என்று கேட்டார். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பானை, பையன். கண்ணாடி, பையன். ஊரில் அவனுக்கு ஒடசல் என்று பெயர் வந்தது. பிள்ளைகள் அவனைப் பார்த்தால் விளையாட்டுச் சாமானை ஒளித்து வைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் சன்னல் கண்ணாடி உடைந்தபோது அண்ணன் என்னோடு குழாயடியில் நின்றிருந்தான். வாத்தியார் விசாரிக்கவே இல்லை. நேராக வந்து அவன் காதைப் பிடித்துத் தூக்கி, பிரம்பு இரண்டாகும்வரை அடித்தார். அவர் கெட்டவர் இல்லை. மதியம் கூப்பிட்டுத் தன் டப்பாவிலிருந்து முறுக்குக்கூடக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்ததை வைத்து அவர் அடித்தார்.

நான் ஒரு நாள் கேட்டேன். "ஏண்ணா, நான் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னா அப்பறம் யாருன்னு கேப்பாங்க" என்றான்.

பங்குனியில் ரேடியோ உடைந்தது. அப்பா ஆசைப்பட்டு வாங்கிய ரேடியோ. அதைச் சுவரில் எறிந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அண்ணன் அதைச் சாக்கில் கட்டி வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பல நாள் வேலை பார்த்தான். ஆணியை நெருப்பில் பழுக்கவைத்து, அறுந்த கம்பியை ஈயத்தால் பற்றவைத்தான். கைவிரல் நுனியெல்லாம் வெந்து வெள்ளையாக இருந்தது. பெட்டியைச் சுற்றி டியூபை இழுத்துக் கட்டினான். ஒரு சாயங்காலம் அது கரகரவென்று பேசிவிட்டது. சேலத்து விலை நிலவரமோ என்னவோ. நானும் அவனும் குதித்தோம். அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நான்தான் அதைக் கொண்டுபோய்க் கூடத்துப் பலகையில் வைத்தேன்.

அப்பா வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. நின்று கேட்டார். வெகுநேரம் கேட்டார். சந்தோஷப்படுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"யாரு ஒட்டுனது?"

"நான்ப்பா" என்றான் அண்ணன்.

"யாரு ஒட்டச் சொன்னா?"

"ஒடஞ்சு கெடந்துச்சு. அதான்."

"நான் ஒடைக்கறத எல்லாம் நீ ஒட்டி ஒட்டி வெச்சா, என்னா அர்த்தம்? வந்து போறவங்களுக்குக் காட்டறியா?"

 அவர் கேட்டது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அப்பா திரும்பி வாசலுக்குப் போய் செருப்பை ஒட்டினாற்போல் வைத்துவிட்டு வந்தார். ரேடியோவை எடுத்து ஆட்டுக்கல்லில் போட்டுக் குழவியால் இடித்தார். அது உள்ளே கொஞ்சநேரம் முனகியது. பிறகு அண்ணனை இடது காதோடு சேர்த்து அறைந்தார். அவன் கதவில் மோதி விழுந்தான். எழுந்தபோது காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்கு வடிந்தது. அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டாள். இப்போது கேட்டால் எந்த டாக்டரும் அம்மாவைத் திட்டுவார். அண்ணனுக்கு அந்தக் காது அன்றோடு போய்விட்டது. இது தெரியவே எங்களுக்குப் பல மாசம் ஆயிற்று. கூப்பிட்டால் திரும்புவதில்லை, திமிர் பிடித்தவன் என்று பள்ளிக்கூடத்தில் அதற்கும் அடி வாங்கினான்.

அப்புறம் அம்மாவின் கை.

பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோன தக்காளியை எடுக்க ஆளில்லாமல், அப்பா கூடையோடு ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த நாள் அது. மாடு தின்னட்டும் என்று கொட்டினாராம். வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போய் என்ஜினைச் சுற்றினார். அது பிடிக்கவில்லை. அம்மா களைக்கொத்தோடு வந்து, "நாளைக்குப் பாத்துக்கலாம்ங்க. மொகத்தக் கழுவிக்கினு வாங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அவள் வலது கையைப் பிடித்துக் கொட்டகைத் தூணோடு வைத்து முறுக்கினார். பச்சைக் கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கும் சத்தம் உங்களுக்குத் தெரியும். அதுதான். அம்மா அலறவில்லை. "ஐயோ, போச்சுங்க" என்று மெதுவாகச் சொன்னாள், ஏதோ பால் கொட்டிவிட்ட மாதிரி.

எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் பக்கத்து ஊரில் இருந்தார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அவர் கேட்டதற்கும் அம்மா, "பையன் தள்ளி வுட்டுட்டான்" என்றாள்.

சேதி கேட்டு மொரப்பூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி. அக்கா என்றால் உயிர். கையில் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தவர், அம்மாவின் கட்டைப் பார்த்ததும் பழத்தைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

"எப்படிக்கா?"

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. "பையன் வெளையாட்டா தள்ளிட்டான். வாய்க்கா மேட்டுல வுழுந்துட்டேன்."

மாமா இடுப்பு பெல்ட்டை உருவினார். அண்ணனை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். பெல்ட் கொக்கி காற்றில் விர்ரென்று சுற்றும், பிறகு சதையில் விழும் சத்தம். அண்ணன் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலில் நின்ற அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கொட்டகை நிழலில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார்.

நான் ஓடிப்போய் மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "மாமா, அண்ணன் இல்ல. அப்பாதான் கைய முறுக்குனாரு. நான் பாத்தேன்."

பெல்ட் நின்றது. மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார்.

"அவளுக்கு என்னா தெரியும், சின்னப் புள்ள" என்றாள் அம்மா. "அண்ணன அடிக்கறாங்கன்னு ஏதோ சொல்றா."

மாமா பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அண்ணனை அடிக்கவும் இல்லை, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. சாப்பிட்டுவிட்டு மதிய வண்டிக்குப் போய்விட்டார். மாமா ஏமாந்துவிட்டார் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர் வீட்டில் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். நான் சொன்னதை நம்பினால் அக்காவை அன்றைக்கே அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகும்போது அவர் அண்ணன் தலையைத் தடவிவிட்டுப் போனார். தெரியாதவர் தடவுகிற மாதிரி இல்லை அது.

அன்று சாயங்காலம் அம்மா இடது கையாலேயே அண்ணன் முதுகுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். அவன் குப்புறப் படுத்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் நானாம்மா?" என்று கேட்டான்.  கிண்ணத்தில் மஞ்சள் தீர்ந்த பிறகும் அம்மா தடவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மாசத்துக்குப் பக்கம் போயிருக்கும். கட்டு அவிழ்க்கிற சமயம். சித்திரை வெயிலில் தக்காளிச் செடி காலையிலேயே தலையைத் தொங்கப் போட்டுவிடும். கிணற்றில் ஊறுகிற தண்ணீரை அவ்வப்போது இறைத்தால்தான் உண்டு. அப்பா என்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆயில் என்ஜினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கனமான இரும்பு ஹேண்டிலை மாட்டி, முழு பலத்தோடு சுற்றி, வேகம் பிடித்ததும் பக்கத்து லீவரைத் தட்ட வேண்டும். சரியாகப் பிடிக்காவிட்டால் ஹேண்டில் திருப்பி உதைக்கும். எங்கள் பக்கத்தில் அதில் கை ஒடிந்தவர்கள் உண்டு, பல் போனவர்கள் உண்டு. டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது என்று அண்ணன் இரண்டு தரம் சொன்னான். அப்பா காதில் வாங்கவில்லை.

அம்மா களிப் போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அப்பா ஹேண்டிலை உருவி எறிந்தார். அது அண்ணன் காலடியில் வந்து விழுந்தது. அப்பா கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றி ஒட்டினாற்போல் வைத்தார்.

அம்மா போசியைக் கீழே வைத்தாள். அவளாகவே வைத்துவிட்டாள், உடையக்கூடாது என்று.

"தண்ணி கீழ போயிருச்சுங்க. அதுக்கு நாம என்னா பண்ண முடியும்" என்றாள்.

அப்பா வந்து அவள் கட்டுப் போட்ட கையைப் பிடித்தார். மூங்கில் பத்தைகள் ஒன்றோடொன்று தேய்ந்து கிரீச்சிட்டன. அம்மாவின் முழங்கால் மடிந்தது. 

"அப்பா, வுடுங்க" என்றான் அண்ணன்.

அப்பா திரும்பவில்லை.

"வுடுங்கப்பா."

பிறகு அண்ணன் ஹேண்டிலை இரண்டு கையாலும் எடுத்து, வீசி, அப்பாவின் முன்கையில் அடித்தான். ஒரே அடி. அப்பாவின் கை நடுவில் புதிதாக ஒரு மூட்டு வந்தாற்போல் தொங்கியது. விரல்கள் அம்மாவை விட்டன. அவர் பின்னால் போய் வாய்க்கால் சேற்றில் உட்கார்ந்தார். எலும்பின் வெள்ளை நுனி தோலுக்கு வெளியே தெரிந்தது. அதிலிருந்து ரத்தம் முதலில் வரவே இல்லை, பிறகு நிற்காமல் வந்தது.

அண்ணன் ஓடுவான் என்று நினைத்தேன். அவன் ஹேண்டிலோடு அங்கேயே நின்றான்.  இனி ஒருவர் செத்துப் போவார் என்று எனக்குத் தோன்றியது. யார் என்றுதான் தெரியவில்லை.

அப்பா அவனை ஏறிட்டுப் பார்த்தார். "ஹேண்டில கீழ வையி" என்றார். "எண்ணெப் பிசுக்கா இருக்குது. வழுக்கிக் கால் மேல போட்டுக்குவ."

அண்ணன் வைத்தான். வைத்த கையோடு அம்மா எழுந்து வந்து இடது கையால் அவன் கன்னத்தில் அறைந்தாள். அவள் அவனை அடித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். "அப்பன அடிக்கறயா? அப்பன அடிக்கற கையா இது?" என்றாள். சொல்லிவிட்டு அதே கையால் அவனை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

பிறகு அண்ணன் அம்மாவிடமிருந்து விலகித் தக்காளிப் பெட்டிப் பலகை இரண்டை உடைத்தெடுத்தான். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துக் காயத்தின் மேல் அழுத்தினான். பலகையை இருபுறமும் வைத்து சைக்கிள் டியூபால் முழங்கையிலிருந்து விரல்வரை இழுத்துக் கட்டினான். கட்டும்போது அவன் கண்ணீர் அப்பாவின் உள்ளங்கையில் சொட்டியது. "வலிக்குதாப்பா?" என்று கேட்டான். "இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டு" என்றார் அப்பா. ரோட்டில் போன ஒரு டிராக்டரை மறித்து, வைக்கோல் பரப்பி அவரைப் படுக்கவைத்துத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் வயதானவர். டியூபை அவிழ்க்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு கட்டுனது இது?"

"எம் பையன்ங்க" என்றார் அப்பா.

"கை தப்பிச்சதே இதனாலதான். எப்படி ஒடஞ்சுது?"

அண்ணன் முன்னால் ஓர் அடி வைத்தான், சொல்லிவிடப் போகிறவன் போல. அப்பா அவனைப் பார்க்காமலே சொன்னார். "என்ஜின் ஹேண்டில் ஒதச்சிருச்சுங்க."

டாக்டர் தலையாட்டினார். அந்த வெயில் காலத்தில் ஹேண்டில் உதைத்து வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். பிறகு அவர் கண் அம்மாவின் மூங்கில் கட்டுக்குப் போனது.

"உனக்கு என்னாம்மா?"

அம்மாவின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. "பையன்…" என்று ஆரம்பித்தாள்.

"அது நாந்தாங்க" என்றார் அப்பா.

 டாக்டர் அப்பாவை ஒரு தரம் பார்த்தார். அம்மாவையும் எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்பினார். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கூடிப்போச்சும்மா, ஆனா கோணலா. நேராக்கணும்னா திரும்ப ஒடச்சுத்தான் வெக்கணும்" என்றார்.

"வேணாங்க" என்றாள் அம்மா. "இன்னொரு தரம் ஒடைக்க வேணாம்."

அம்மாவுக்குக் கடைசிவரை அந்த உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப வராது. கோயிலில் திருநீறு வாங்க இடது கையை நீட்டுவாள். தெரியாத பூசாரிகள் திட்டுவார்கள். 

அதற்கப்புறம் அப்பா நல்லவராகிவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மறு வருஷம் ஒரு லாந்தரை உடைத்தார். என் கல்யாணத்துக்கு முந்திய வாரம் நாற்காலியை உடைத்தார். ஆனால் அம்மா மேல் கை வைக்கவில்லை. பயந்தா, வெட்கப்பட்டா என்று எனக்குத் தெரியாது. அண்ணனும் அவரும் அந்த நாளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மீசை முளைக்கும் வயதில் அண்ணன் ஓசூருக்கு லேத் வேலைக்குப் போனான், அங்கேயே குடும்பமானான். அப்பா செத்தபோது வந்து கொள்ளி வைத்தான். இப்போதும் போனை வலது காதில்தான் வைப்பான். சின்ன வயதில் ஏதோ காய்ச்சல் வந்து போய்விட்டது என்று தன் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ்ஸை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா மாவுக்கட்டோடு முன்சீட்டில் இருந்தார். அம்மாவும் நானும் அவருக்குப் பின்னால். அண்ணன் எதிர்ப்பக்கம் சன்னலோரம். பாலக்கோட்டில் பஸ் நின்றபோது பக்கத்துக் காட்டம்மா ஏறினார். முன்னால் அப்பாவின் கட்டையும் பின்னால் அம்மாவின் கட்டையும் பார்த்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஏனாய்த்து? இப்ப இவருக்குமா? இதுவும் இந்த ஒடசல் பண்ணுன வேலையா?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா, பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியான குரலில் சொன்னாள்.

"இல்லக்கா. எம் பையன் இதுவரைக்கும் ஒண்ணுத்தையும் ஒடச்சதில்ல."

தெரிந்தே அண்ணன் உடைத்தது ஒன்றே ஒன்றுதான், அப்பாவின் கை. அவன் சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்திலும் வேப்பமரத்தடியிலும் அழாதவன், எங்கள் நிறுத்தம் வரும்வரை அழுதுகொண்டே வந்தான்.